வாடிக்கை வீடுகள்

வாழையடியில் காகம் கொத்திக்கொண்டிருந்த மீன் தலையைப் பார்த்துவிட்டு, சைக்கிளை விட்டு இறங்காமலே, "இது என்ர மீனில்லை" என்றார் மீன் விற்க வரும் அக்கா.

நான் சட்டியோடு படலையடியில் நின்றேன். அவர் சொன்னது சரி. முதல்நாள் அவர் வரப் பிந்திவிட்டது. அந்த நேரம் பார்த்து முந்தி எங்களுக்கு மீன் தந்த சைக்கிள்காரன் வர, அவனிடம் நாலு கும்பளா வாங்கிக் குழம்பு வைத்தேன். கழிவை வாழைக்குக் கொட்டினேன். மீன் வாங்குவதில் விசுவாசம் என்று ஒன்று உண்டென்று அதுவரை எனக்குத் தெரியாது.

"நேற்று உங்களைக் காணேல்லை அக்கா. இவர் வயலால வாற நேரமாப் போச்சுது. அதுதான்..."

"நான் கோவிக்கேல்லை தங்கச்சி. என்னட்டை என்ன குறை எண்டு மட்டும் சொல்லு."

"குறை ஒண்டுமில்லை. நேரந்தான்."

"நேரந்தானே? வேறை ஒண்டுமில்லையே?"

"ஓம் அக்கா. நேரந்தான்."

அடுத்த நாளில் இருந்து எங்கள் வீடுதான் அவருக்கு முதல் வீடு. அதற்காகத் தான் வருகிற வழியையே மாற்றிக்கொண்டார். பெரிய றோட்டால் வந்து வாய்க்கால் கரையால் திரும்பிப் போகிறவர், வாய்க்கால் கரையால் வந்து றோட்டால் போகத் தொடங்கினார். மழைக்காலத்தில் அந்தக் கரையில் சைக்கிள் ஓடாது, உருட்டித்தான் வரவேண்டும். உருட்டிக்கொண்டு வந்தார். கலியாணம் முடித்து இந்தக் குடியேற்றத்துக்கு வந்த நாளில் இருந்து என்னை முதலாவதாக வைத்து ஒருவரும் ஒன்றும் செய்ததில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்று படலையைச் சத்தமாகத் திறப்பேன்.

எங்கள் வீடு முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, காணி பெற்று, காடு வெட்டி வயலாக்கிய குடும்பங்கள் அங்கே அதிகம். என் மாமனாரும் அப்படி வந்தவர்தான். நான் சொல்லுவது தொண்ணூறுகளின் முன்பாதி. சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் கண்ணில் படாது. அதற்கு முன்னரெல்லாம் முல்லைத்தீவுக் கரையில் பிடிபடும் மீன் ஐஸ் போட்டுக் கொழும்புக்குப் போகுமாம். இப்போது ஐசும் இல்லை, கொழும்பும் இல்லை. கடல் தந்ததை மத்தியானத்துக்கு முதல் தின்று முடிக்க வயல்காரர் நாங்கள்தான் மிச்சம். "இப்ப எங்களுக்கு நீங்கள்தான் கொழும்பு" என்று அவர் சொல்லுவார்.

அவர் சிலாவத்தைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். நாற்பது வயதிருக்கும். கட்டையான, இறுகிய உடம்பு. சீத்தைப் பாவாடைக்கு மேலே ஆண்கள் போடுகிற சேட்டு. கழுத்தில் கறுப்பு நூலில் மாதா சுரூபம். பாரம் தாங்கும் ஆம்பிளைச் சைக்கிள், கரியரில் பலகைப் பெட்டி, பெட்டிக்கு மேலே ஈரச்சாக்கு. புருசன் கடலில் போய்விட்டார், பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள் இருக்கிறாள் என்பதற்கு மேல் தன்னைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. அவர் பெயர் எனக்குத் தெரியும். அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

மற்ற வியாபாரிகள் சந்தியில் இருந்தே "மீன்... மீன்..." என்று கத்திக்கொண்டு வருவார்கள். இவர் கத்தமாட்டார். படலையடியில் நின்று இரண்டு தரம் மணி அடிப்பார், அவ்வளவுதான். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"ஆரெண்டு தெரியாத சனத்துக்குத்தான் கூவி விக்கிறது. உங்களை எனக்குத் தெரியுமெல்லோ."

தெரிந்துதான் வைத்திருந்தார். எந்த வீட்டில் யாருக்கு இழுப்பு, அந்த வீட்டுக்கு இறாலும் நண்டும் காட்டவே கூடாது. எந்த வீட்டு மனுசன் திருக்கை என்றால் எழும்பிப் போய்விடுவார். எந்த வீட்டு மாமியார் முள்ளு மீன் என்றால் மருமகளைப் பேசுவா. எல்லாம் அவருக்கு மனப்பாடம். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் சைவ வீடுகளில் மீன் சமைப்பதில்லை, வியாபாரிகளும் வரமாட்டார்கள். அவர் மட்டும் வருவார். பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் சைக்கிளில், சில நேரம் தன் வளவு முருங்கைக்காயில் ஒரு கட்டோடு. விறாந்தையில் இருந்து தண்ணி வாங்கிக் குடித்து, சனிக்கிழமைக்கு என்ன வேணும் என்று கேட்டுவிட்டுப் போவார். அதற்கென்று அவ்வளவு தூரம் உழக்கி வருகிறாரே என்று என் மனுசன் அதிசயப்படுவார்.

மூத்தவன் பிறந்து பத்தியம் நடந்த காலத்தில் எங்கிருந்தோ பால்சுறா தேடிக்கொண்டு வந்தார். "வறை வறுத்துச் சாப்பிடு. பால் ஊறும்." அன்றைக்குக் கையில் ஒன்றும் இருக்கவில்லை. சும்மா தரவும் அவருக்கு மனமில்லை. "அரிவி வெட்டின உடனை நெல்லுத் தா. சும்மா தந்தால் வெக்கத்தில நாளைக்கு நீ வெளிய வரமாட்டாய். வேறை ஆரிட்டையாவது போவாய்." சொன்னபடி வெட்டு முடிந்ததும் வந்து நெல்லை அளந்து வாங்கிக்கொண்டுதான் போனார்.

சில நாள் சாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு, "இண்டைக்கு உனக்கு வேண்டாம்" என்பார். "வெய்யில் பட்டுப்போச்சுது. நாளைக்கு வாறன்." விற்க வந்தவர் விற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனால் அதற்குப் பிறகு யாரிடம் மனம் போகும்? மீனை எப்படிப் பார்ப்பதென்றும் அவர்தான் எங்களுக்குப் பழக்கினார். செவுளைத் திறந்து பார், சிவப்பாக இருக்கவேணும். வயிற்றை விரலால் அமத்திப் பார், பள்ளம் விழுந்தால் வைத்துவிட்டு எழும்பு. "என்ர மீனையும் பார். நான் கோவிக்கமாட்டன்." ஒவ்வொரு படலையடியிலும் இந்தப் பாடம் நடந்தது.

வாய்க்கால் முடக்கில் சின்னத்தம்பி ஐயா வீடு. பழைய ஆளிடம்தான் மீன் வாங்குவேன் என்று பிடிவாதமாக நின்ற மனுசன். "பொம்பிளை சைக்கிள்ள கொண்டுவாற மீனைத் தின்னவோ நான் வன்னிக்கு வந்தனான்?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அக்கா அந்த வீட்டை எட்டியும் பார்க்கவில்லை. வலப்பக்க வீட்டுக்கும் இடப்பக்க வீட்டுக்கும் மட்டும் கொழுத்த விளைமீனாகப் பார்த்துக் கொடுத்தார். மத்தியானத்தில் இரண்டு பக்கத்தாலும் பொரியல் மணம் போனது. சின்னத்தம்பி ஐயா ஒரு கிழமை பொறுத்தார். பிறகு தானே படலைக்கு வந்து கையைக் காட்டினார்.

"உங்களுக்கு எடுத்துவைக்கேல்லையே ஐயா. முதலே சொல்லியிருக்கவேணும்."

"அப்ப நாளைக்கு?"

"நாளையான் மீனும் ஆக்கள் சொல்லிப்போட்டினம். பாப்பம்."

மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதையோடேயே அந்தக் கிழவரை மூன்று நாள் படலையடியில் காக்கவைத்தார். நாலாம் நாள் மீன் கொடுத்தபோது சின்னத்தம்பி ஐயா கோயிலில் திருநீறு வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார். அதை எனக்கு வந்து சொல்லும்போது அக்காவின் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இனி அந்த வீடும் என்ர" என்றார்.

அந்தப் பழைய ஆள்தான் மரியான். எனக்குக் கும்பளா விற்றவனும் அவன்தான். ஒல்லியான, கூன் விழத் தொடங்கிய மனுசன். ஒருநாள் பின்னேரம் போல எங்கள் படலையடியில் வந்து நின்றான். பெட்டி நிறைய விற்காத மீன். ஈ மொய்த்தது.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன், கோவியாதை. ஏன் இப்ப ஒருத்தரும் என்னட்டை வேண்டுறியளில்லை? நான் என்ன பிழை விட்டனான்?"

"அப்பிடி ஒண்டுமில்லை அண்ணை. அக்கா வாறவா, அவாட்டை வேண்டிப் பழகிப்போச்சு."

அவன் தலையைக் குனிந்தான். "அவா என்னை விடமாட்டா. எனக்குத் தெரியும்" என்றான். "சம்மாட்டி என்னைப் பேசுறார். எனக்கு மூண்டு பிள்ளையள்."

மறுநாள் இதை நான் அக்காவிடம் சொன்னேன். அவன் முகம் என் மனதில் நின்றதால் சொன்னேன். அவர் மீனை நிறுத்துக்கொண்டிருந்தவர், தராசைக் கீழே வைத்தார்.

"கேட்டவனோ? ஆரிட்டை, உன்னட்டையோ?"

"ஓம் அக்கா. பாவமாக்கிடந்தது."

"நல்லது."

அதற்குப் பிறகுதான் கதை முழுக்க வந்தது. வள்ளமும் வலையும் வைத்து ஆட்களைத் தொழிலுக்கு அனுப்புகிற முதலாளியை அந்தக் கரையில் சம்மாட்டி என்பார்கள். அக்காவின் புருசன் அப்படி ஒரு சம்மாட்டியிடம் தொழில் செய்தவர். ஒரு வாடைக்காற்றுக் காலத்தில், வள்ளத்தின் அடிப்பலகை ஊறிப்போச்சு, இந்தக் காற்றுக்குத் தாங்காது என்று கரையில் வைத்துச் சம்மாட்டிக்குச் சொன்னாராம். அக்கா பக்கத்தில் நின்று தன் காதால் கேட்டவர். "இண்டைக்கு ஒருநாள் தாங்கும், போ" என்று சம்மாட்டி அனுப்பிவிட்டார். கூடப் போனவன் மரியான். பலகை விட்டுப்போனது. மரியான் வெறும் எண்ணெய்க் கானைப் பிடித்துக்கொண்டு மிதந்து கரை சேர்ந்தான். நனைந்த உடுப்போடு நேராக அக்காவிடம் வந்து, நடந்ததை நடந்தபடி சொல்லி அழுதான். புருசன் மூன்றாம் நாள் கரை ஒதுங்கினார்.

"செத்தவீட்டுக்கு சம்மாட்டி வந்தார். கதிரையைப் போட்டுப் பந்தலுக்க இருந்தார். வாற ஆக்களுக்கெல்லாம் சொல்லுறார், 'என்ன செய்யிறது, வெறியில போனவன், கவிட்டுப்போட்டான்' எண்டு. என்ர மனுசன் பெருநாளுக்கும் ஒரு சொட்டு வாயில வைக்காத ஆள். மரியான் அவருக்குப் பின்னால நிக்கிறான். எல்லாரும் அவனைத்தான் பாக்கினம், அவன்தானே கூடப் போனவன். அவன் வாய் திறக்கேல்லை. நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவன்."

ஈரச்சாக்கை இழுத்து மூடினார்.

"மகளுக்கு முதல்நன்மை குடுத்த அண்டைக்கு, கோயில்ல வெள்ளைச் சட்டையோட நிக்கிற பிள்ளையைப் பாத்து ஒருத்தி சொல்லுறாள், 'வெறிகாறன்ர பெட்டை' எண்டு. அண்டைக்குப் போனனான் சம்மாட்டி வீட்டை. கோயில் வாசல்ல எல்லாருக்கும் முன்னால உண்மையைச் சொல்லுங்கோ, எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம் எண்டனான். 'சொன்னால் செத்தவன் திரும்பி வரப்போறானோ' எண்டு கேட்டார். இல்லை, என்ர மனுசன் திரும்பி வரமாட்டார், உங்களிட்டை மீன் வேண்டுற சனமும் இனித் திரும்பி வராது எண்டு சொல்லிப்போட்டு வந்தன். அந்தாள் சிரிச்சது."

புருசனின் சைக்கிளும் சேட்டும் வீட்டில் இருந்தன. நந்திக்கடலில் சின்ன வலை போடுகிறவர்களிடமும், சம்மாட்டிக்குக் கட்டுப்படாத ஓரிரண்டு வள்ளக்காரரிடமும் மீன் எடுத்தார். சம்மாட்டியின் மீனோடு மரியான் எந்தப் பாதையால் போகிறானோ அந்தப் பாதையால் போனார். அவன் எந்தப் படலையில் நிற்கிறானோ அந்தப் படலையில் நின்றார்.

"அப்ப எங்கட வீடும் அதுக்குத்தானோ அக்கா?"

"ஓம். உன்ர வீடும் அவன்ர வாடிக்கை வீடுதானே."

"நான் பிள்ளைப்பெத்த நேரம் சுறா கொண்டுவந்தது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுவும்தான். உனக்குப் பொய் சொல்லமாட்டன். ஆனா சுறா நல்ல சுறா."

அன்றிரவு என் மனுசனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். "எங்களுக்கேன் ஆக்களின்ர சோலி. மீன் நல்லதெண்டால் வேண்டு" என்றார். மீன் நல்லது. அதைவிட நல்ல மீன் நான் அதற்கு முன்னும் தின்னவில்லை, பின்னும் தின்னவில்லை.

கொஞ்ச நாளில் மரியான் மீனை விட்டுவிட்டான். எங்கள் பக்கமே கூலிக்குப் புல்லுப் பிடுங்க வந்தான். என் மனுசனும் இரக்கப்பட்டுக் கூப்பிட்டார். ஒருநாள் வரம்பில் குனிந்து நின்றவனை அக்கா கண்டுவிட்டார். சைக்கிளை வாய்க்கால் கட்டில் நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். அவன் நிமிர்ந்தான், கண்டான், திரும்பவும் குனிந்துகொண்டான். பிறகு நிமிரவேயில்லை. அவர் என்னிடம் வந்து சாதாரணமாகச் சொன்னார்: "நல்ல வேலைக்காறன் தங்கச்சி. நிலத்தைப் பாக்கப் பழகினவன்."

எனக்கு அவரில் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

மரியானுக்குப் பிறகு சம்மாட்டி வேறு இரண்டு பேரை அனுப்பிப் பார்த்தார். அவர்களாலும் முடியவில்லை. கடைசியில் சம்மாட்டியே வந்தார். வெள்ளைச் சாரம், மோதிரம், எங்கிருந்தோ பிடித்த மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டார் சைக்கிள். அது புகையைக் கக்கிக்கொண்டு வர நாய்கள் எல்லாம் குரைத்தன. பின்னால் இரண்டு பெட்டி கட்டியிருந்தது. பாதி விலை என்றார். எங்கள் சனத்துக்கு அந்த நேரம் பாதி விலை என்பது சின்ன விசயமில்லை. முதல் இரண்டு மூன்று நாள் பல வீடுகள் வாங்கின. என் மனுசன் சொன்னதால் நானும் வாங்கினேன். அதன் கழிவு வாழையடியில் கிடந்ததை அக்கா பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்.

"வேண்டுங்கோ. நான் வேண்டாதேங்கோ எண்டு சொல்லமாட்டன். செவுளைத் திறந்து பாத்து வேண்டுங்கோ."

எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் சந்தியில், பாலை மரத்துக்குக் கீழே சம்மாட்டி பெட்டியைத் திறந்தார். பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றோம். ஒருத்தரும் விலை கேட்கவில்லை. சின்னத்தம்பி ஐயாவின் மனுசிதான் முதலில் குனிந்து ஒரு பாரையைத் தூக்கிச் செவுளை விரித்தா. மண்ணிறம். வைத்துவிட்டா. நான் ஒன்றை எடுத்து வயிற்றை அமத்தினேன், விரல் உள்ளே போனது. பக்கத்து வீட்டுக்காரி இன்னொன்றை எடுத்து மணந்தாள். வரிசையாக எல்லோரும் எடுத்து, விரித்து, அமத்தி, வைத்தோம். பெட்டிக்குள் கை போவதும் வருவதும்தான்.

"இந்தக் குடியேற்றத்தில பொம்பிளையள் எல்லாம் மீன் டொக்டரோ?" என்று சம்மாட்டி கத்தினார்.

"இது நேற்றையான் மீனெல்லோ ஐயா," என்றா சின்னத்தம்பி ஐயாவின் மனுசி.

"பாதி விலைக்குத் தாறன், பேந்தென்ன?"

"நேற்றே வித்திருந்தால் அது பாதி விலை. இண்டைக்கு இது சும்மா தந்தாலும் விலை கூடத்தான்."

சம்மாட்டி மூடியை அறைந்து மூடினார். கூடாத வார்த்தை ஒன்று சொன்னார். அதற்குப் பிறகு பாதி விலைக்கும் ஒருத்தரும் போகவில்லை. விற்காத மீனைக் கரையில் குழி வெட்டிப் புதைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். தொழிலுக்குப் போகிற ஆட்கள் பங்கு கிடைக்காமல் வேறு வள்ளங்களுக்கு மாறினார்கள்.

பிறகு ஒருநாள் அக்கா எங்கள் கிணற்றடியில் குந்தியிருந்து எனக்கு மீன் வெட்டித் தந்துகொண்டிருந்தார். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்ததால் அந்த மணம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சம்மாட்டி படலையைத் திறந்து உள்ளே வந்தார். இந்தத் தரம் பெட்டி இல்லை. அக்கா எழும்பவில்லை. அரிவாளைக் காலால் அமத்திக்கொண்டு வெட்டினபடியே இருந்தார்.

"வள்ளம் மூண்டும் கரையில கிடக்குது," என்றார் சம்மாட்டி.

"கண்டனான்."

"இனி ஏன் பகை? நான் பிடிக்கிறதை உன்னட்டையே தாறன். நீ விலையைச் சொல்லு. வித்துப்போட்டு உன்ர பங்கை எடு."

"கோயில் வாசல்ல சொல்லுங்கோ."

சம்மாட்டி என்னைப் பார்த்தார். நான் உள்ளே போயிருக்கவேண்டும். போகவில்லை.

"இவ்வளவு நாளுக்குப் பிறகு அதைச் சொல்லி ஆருக்கு என்ன லாபம்?"

"எனக்கு யாவாரம் தெரியும் சம்மாட்டியார். லாபத்தை நான் பாக்கிறன்."

"சொன்னால் மீனை எடுப்பியோ?"

"சொல்லுங்கோ. பிறகு கதைப்பம்."

சம்மாட்டி சொல்லச் சம்மதித்த அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் உழவு இயந்திரப் பெட்டியில் இடம் போதாமல் போனது. "நீயும் வா தங்கச்சி. கேக்கிறதுக்குச் சனம் வேணும்" என்றுதான் என்னிடம் சொன்னார். எல்லோரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார். வாடிக்கை வீடுகள் முழுக்க வந்தன. சின்னத்தம்பி ஐயா சால்வை போட்டுக்கொண்டு வந்தார். திருநீறு பூசின முகங்களோடு நாங்கள் மாதா கோயில் வாசலில் இறங்கி, வேப்ப மர நிழலில் நின்றோம்.

பூசை முடிந்து சனம் வெளியே வந்தது. சம்மாட்டியும் வந்தார். வாசல்படியில் எங்களைக் கண்டதும் நின்றுவிட்டார். தன்னிடம் மீன் வாங்கி, பிறகு வாங்காமல் விட்ட முகங்கள் ஒவ்வொன்றாக அங்கே நின்றன. அக்கா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கு நேரே வந்து நின்றார். மகளுக்கு அவருடைய முகவெட்டு.

சம்மாட்டி தொண்டையைச் செருமினார். "அவன்... அவர் வெறியில போகேல்லை. வள்ளம் பழுதெண்டு எனக்குச் சொன்னவர். நான்தான் போகச் சொன்னனான்."

வெளியே வந்துகொண்டிருந்த சனம் நின்றது. அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"கொஞ்சம் பலத்துச் சொல்லுங்கோ சம்மாட்டியார். பின்னால நிக்கிற ஆக்களுக்குக் கேக்கேல்லை."

சம்மாட்டி திரும்பவும் சொன்னார். இந்தத் தரம் கத்திச் சொன்னார். முகம் கறுத்து, கழுத்து நரம்பு எழும்பி நின்றது. சனத்துக்குள் யாரோ "மாதாவே" என்றார்கள். மதிலோரம் நின்ற மரியான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதை நான் கண்டேன். மகள் அழுதாள். அவர் அழவில்லை. எங்களைப் பார்த்து, "வெய்யிலுக்க வந்தனீங்கள், வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார்.

வருகிற வழியெல்லாம் உழவு இயந்திரப் பெட்டிக்குள் ஒரே சந்தோசம். ஏதோ நாங்களே வென்றது மாதிரி. எனக்கும்தான்.

திங்கட்கிழமை விடியச் சம்மாட்டி இரண்டு பெட்டி மீனோடு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றாராம். உயிர்மீன், வால் அடித்துக்கொண்டிருந்ததாம். என் சட்டியில் மீனைப் போட்டுக்கொண்டே இதைச் சொன்னார்.

"எனக்கு வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏனக்கா? சொன்னால் எடுப்பன் எண்டெல்லோ..."

"கதைப்பம் எண்டுதானே சொன்னனான். கதைச்சாச்சு. வேண்டாம்."

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். "நீங்கள் கேட்டது கிடைச்சிட்டுதே. எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டார். இனி விடலாந்தானே அக்கா."

"அது என்ர மனுசனுக்கு" என்றார். "இது எனக்கு."

சம்மாட்டி அதற்குப் பிறகும் போனார். ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு கிழமைக்கு ஒருக்கால். ஒருநாள் கூட அக்கா பேசவில்லை, திட்டவில்லை. வேண்டாம் என்ற ஒரு சொல்லுத்தான். அவர் எடுக்காத மீனை எங்கள் பக்கத்தில் வேறு யாரும் எடுக்கவும் மாட்டார்கள். கடைசியில் சம்மாட்டி வள்ளங்களை விற்றார், வலையை விற்றார், வீட்டைப் பூட்டிவிட்டு மன்னார்ப் பக்கம் போய் அங்கிருந்து இந்தியாவுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அந்தச் செய்தி வந்த மறுநாள் அக்கா பிந்தித்தான் வந்தார். வெய்யில் ஏறிவிட்டது. மணி ஒரு தரம்தான் அடித்தது. நான் சட்டியோடு போனேன். அவர் வாழையடியைப் பார்க்கவில்லை. என் வயிற்றைப் பார்த்து எத்தனை மாதம் என்று கேட்கவில்லை. பெட்டிக்குள் கையை விட்டு, வந்ததை எடுத்துச் சட்டியில் போட்டார்.

"சம்மாட்டி போயிட்டாராம் அக்கா."

"ஓம். போயிட்டான்."

"இனி உங்களுக்கு நிம்மதிதானே."

அவர் முகம் களைத்திருந்தது. கொஞ்ச நேரம் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார், போட்டிக்கு யாரும் வருகிறார்களா என்று பார்ப்பது போல. ஒருத்தரும் வரவில்லை.

"நாளைக்கும் வருவியள்தானே?" என்று கேட்டேன். அதற்கு முன் ஒருநாளும் நான் அப்படிக் கேட்கத் தேவைப்பட்டதில்லை.

"வராமல்?" என்றுவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

குசினிக்குள் கொண்டுபோய்ச் சட்டியைச் சரித்தேன். நாலு விளைமீன். கையில் எடுத்தபோதே தெரிந்தது. விரலால் அமத்திப் பார்க்கத் தேவையில்லை, அவ்வளவுக்குத் தளர்ந்து கிடந்தன. அவர் சைக்கிள் இன்னும் வாய்க்கால் கட்டில்தான் போய்க்கொண்டிருந்தது, கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை. கூடக் கொஞ்சம் புளி கரைத்து விட்டு, மிளகாய்த்தூளையும் அள்ளிப் போட்டுக் காய்ச்சினேன்.

மத்தியானம் என் மனுசன் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சாப்பிடுங்கோ," என்றேன்.